வாசலில் ஒரு நீர்நிலை

ஒரு வீட்டின் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொள்வது, மனிதன் சுவர் எழுப்பி வாழத் தொடங்கிய நாளிலிருந்து நடந்துவருகிற சங்கதி. ப்ளம்பரைக் கூப்பிட வேண்டியது. நாளைக்கு வருகிறேன் என்பார், அதற்கு மறுநாள் வருவார். தோண்டுவார், போன தடவை வேலை பார்த்தவனைத் திட்டுவார், சரிசெய்வார். இதில் அரசாங்கம் வந்து உட்கார இடமே கிடையாது. இடமில்லாத இடத்தில் நாற்காலி போட்டு அதை உட்கார வைத்த பெருமை முழுவதும் முறைப்படியாரையே சேரும்.

முறைப்படியார் என்பது அவர் பெயரில்லை, தெருவாகப் பார்த்து வைத்தது. நகர அலுவலகத்துக்கு எதிரில் ரப்பர் முத்திரை செய்யும் கடை வைத்திருந்தார். 'பார்வையிடப்பட்டது', 'நிலுவையில் உள்ளது', 'நிராகரிக்கப்பட்டது' என்று அந்த அலுவலகத்தில் யார் விண்ணப்பத்தின் மேல் எது விழுந்தாலும் அது அவர் கைவேலை. முத்திரையில் எழுத்தை இடவலம் மாற்றித்தான் செதுக்க வேண்டும். வருஷக்கணக்காகச் செதுக்கிச் செதுக்கியோ என்னவோ, ஊருக்கெல்லாம் நேராகத் தெரிகிற விஷயம் அவருக்கு மட்டும் திரும்பித் தெரியும். ஆளே இல்லாத கடையிலும் வரிசையில் நிற்பார். "எதுவா இருந்தாலும் முறைப்படி பண்ணிட்டா பின்னாடி தொந்தரவு வராது" என்பார். பாவம், நல்ல மனுஷர்.

குழாய் கைவிட்ட நேரம்தான் சரியில்லை. அவர் வீட்டுக்காரம்மா முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து, ஒரு கைத்தடியோடு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். "நடங்க, நல்லா நடங்க. படி மட்டும் ஏறாதீங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பக்கத்து வீட்டை விட்டால் அக்கம்பக்கத்தில் உரிமையோடு நுழையக் கழிப்பறை இல்லை. அந்த வீட்டின் கீழ்த்தளம் முழுக்க சாமான் கிடங்கு, குடித்தனம் மாடியில். ஆக, அவசரம் வரும்போதெல்லாம் அந்த அம்மா கைத்தடியை ஒரு கையிலும் சுவரை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி படியேறினார். முறைப்படியாருக்கு அந்தக் கஷ்டமில்லை. கடை இருந்த கட்டடத்தில் பொதுக் கழிப்பறை இருந்தது, சாவியும் அவரிடமே இருந்தது.

"நான் ஒண்ணும் அரண்மனை கேக்கலங்க" என்றார் வீட்டுக்காரம்மா. "என் வீட்டுல, என் கக்கூஸ்ல, காலை நீட்டிக்கிட்டு ஒரு தடவை நிம்மதியா உக்காரணும். வேற ஒண்ணும் வேணாம்."

"நாளைக்கே உக்கார வைக்கிறேன்" என்றார் முறைப்படியார். மனதாரத்தான் சொன்னார்.

ப்ளம்பர் வந்து வாசற்படிக்கும் கேட்டுக்கும் நடுவே தோண்டினார். "குழாய் உடையல சார். அடியில மண்ணு எறங்கினதுல நடுவுல தொப்பை போட்டிருக்கு. தொப்பையில தண்ணி தங்குது, தண்ணி தங்கினா மத்ததும் தங்கும்" என்று சொல்லி, தொப்பை விழுந்த துண்டை அறுத்தெடுத்தார். தெரு லைனிலும் எங்கோ அடைப்பு; தெருப் பக்கத்துக் குழாயிலிருந்து தண்ணீர் எதிர்த்து வந்தது. அதற்கும் அவரிடம் வழி இருந்தது. கால்பந்தின் உள்ளே இருக்கும் ரப்பர் ப்ளாடரைக் குழாய் வாய்க்குள் செருகி, சைக்கிள் பம்பால் காற்றடித்தார். அது உப்பிக் குழாயை இறுக்கிக்கொண்டது, வரத்து நின்றது. அதுவரை பள்ளத்தில் சேர்ந்த தண்ணீர் மட்டும் முழங்கால் ஆழத்துக்குத் தேங்கிக் கிடந்தது.

"இது நின்னா பசை பிடிக்காது சார். ஈரம் இல்லாம துடைச்சுத்தான் புதுக் குழாயை ஒட்டணும். ஆளுக்கொரு வாளி எடுத்தா மத்தியானத்துக்குள்ள எறச்சிரலாம்."

"எறச்சு எங்க ஊத்துறது?"

"தெருமுனை மேன்ஹோல்லதான். அங்க ஓட்டம் நல்லா இருக்கு."

முறைப்படியார் கையிலெடுத்த வாளியைக் கீழே வைத்தார். காரியம் கெட்டது அந்த நிமிஷத்தில்தான்.

"மேன்ஹோல் ஆபீஸோடது. ஒரு வார்த்தை கேட்டுட்டு ஊத்திரலாமே."

"நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் கேட்டதில்லையே சார்."

"எல்லாரும் அப்படியே இருந்தா எப்படி? யாராவது ஒருத்தர் கேக்க வேணாமா?"

ஜன்னலிலிருந்து வீட்டுக்காரம்மா குரல் வந்தது. "ஏங்க, அந்தத் தண்ணி எங்க போகணுமோ அங்கதான் போகப்போகுது. அதுக்குப் போய் எதுக்கு வழி கேக்கிறீங்க? கேட்டா ஏதாவது சொல்லித் தொலைப்பாங்க."

"அஞ்சு நிமிஷம். எல்லாம் முகம் தெரிஞ்சவங்கதான்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கழிவுநீர்ப் பிரிவின் எழுத்தர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி போட்டார்.

"தண்ணி ஓடுதா, நிக்குதா?"

முறைப்படியார் பொய் சொல்லிப் பழகாதவர். "நிக்குது" என்றார்.

எழுத்தர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "அப்ப எங்க பிரிவு இல்ல. ஓடுறது எதுவா இருந்தாலும் நாங்க. நிக்கிறது எதுவா இருந்தாலும் நீர்நிலைப் பிரிவு. மாடிக்குப் போங்க."

"சார், அது கக்கூஸ் தண்ணி."

"எங்கேர்ந்து வந்துச்சுன்னு நான் கேக்கலையே. என்ன பண்ணிக்கிட்டிருக்குன்னுதான் கேட்டேன்."

முறைப்படியாருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஒரு அலுவலகம் என்றால் இப்படித் தெளிவாக இருக்க வேண்டும் என்று நினைத்தபடியே படியேறினார்.

நீர்நிலைப் பிரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகரத்தில் இருந்த ஏரி, குளம், குட்டை எல்லாவற்றையும் தூர்த்து அலுவலகங்கள் கட்டி முடித்த பிறகு, எஞ்சியவற்றைக் கண்ணும் கருத்துமாகப் பாதுகாக்கும் பொருட்டு ஏற்படுத்தப்பட்ட பிரிவு அது. எஞ்சியது எதுவும் இல்லாததால் ஆய்வாளருக்குப் பாதுகாக்க ஒன்றும் கிடைக்கவில்லை. மேசைமேல் கண்ணாடிக் குவளையில் குடிதண்ணீர் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அவரைத் தேடி ஒரு மனிதர் நீர்நிலையோடு வந்தது அதுவே முதல் தடவை.

"எவ்வளவு பெருசு?" என்றார் எழுந்து நின்று.

"ஒரு கட்டில் அளவு இருக்கும் சார்."

"கரை இருக்கா?"

"தோண்டின மண்ணை ரெண்டு பக்கமும் குவிச்சு வச்சிருக்கு."

"நீர்வரத்து?"

"எங்க வீட்டுக் கக்கூஸ் குழாய்தான் சார்."

"தண்ணி வெளியேறாம ஏதாவது கட்டியிருக்கா?"

"ஒரு ஃபுட்பால் ப்ளாடர் வச்சிருக்கோம்."

ஆய்வாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "கரை இருக்கு, வரத்து இருக்கு, அணை இருக்கு. இதுக்கு மேல என்னங்க வேணும்? ஒரு சொட்டு எறைக்கக் கூடாது. நான் நேர்ல வர்றேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். சொன்னபடி வருகிற அதிகாரியை அந்தத் தெரு அதற்குமுன் கண்டதில்லை. அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்தார். எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஒரு தவளை கரையில் உட்கார்ந்திருந்தது. அதைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். "உயிரினம்" என்றார். ப்ளாடரின் காற்றுவாயில் கயிறு கட்டி, அரக்கு வைத்து, முத்திரை குத்தினார். முறைப்படியார் குனிந்து பார்த்தார். அவர் செதுக்கிக் கொடுத்த முத்திரைதான். எழுத்து சுத்தமாக விழுந்திருந்தது. அந்த நிலைமையிலும் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன்.

வீட்டுக்காரம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஐயா, இது ஏரி இல்ல. நாங்க போனது."

"எல்லா ஏரிக்கும் எங்கேயிருந்தாவது தண்ணி வரத்தானம்மா செய்யும்."

"நாத்தம் தெரியலையா உங்களுக்கு?"

"அது என் ஆய்வு வரம்புல வராது."

"அப்ப நான் எங்க போறது?"

ஆய்வாளர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "அதுவும் என் வரம்புல வராதும்மா" என்றார்.

மறுநாள் வாசலில் பலகை நட்டார்கள். 'பாதுகாக்கப்பட்ட நீர்நிலை. குப்பை கொட்டாதீர். குளிக்காதீர். குடிநீராகப் பயன்படுத்துவோர் உரிய அனுமதி பெறவும்.' ப்ளம்பர் அதைப் படித்துப் பார்த்துவிட்டுத் தன் சாமான்களைக் கட்டினார். "சார், தெரு லைன்ல இருந்த அடைப்பை எடுத்துட்டாங்க. இப்ப அந்தப் பந்தை எடுத்தா போதும், இத்தனையும் தானா ஓடிரும். ஆனா அரக்கு வச்சதை நான் தொட மாட்டேன். எனக்கு லைசென்ஸ் முக்கியம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அணையைத் திறக்கச் சொல்லி முறைப்படியார் விண்ணப்பித்தார். முறைப்படிதான். பாசனத் தேவை இருந்தால் மட்டுமே அணை திறக்கப்படும் என்று பதில் வந்தது. வீட்டில் பாசனத்துக்கு இருந்தது ஜன்னலோரத்தில் ஒரு தொட்டிச் செடி. அதைக் குறிப்பிட்டு மறுபடி எழுதினார். ஆய்வாளர் வந்து செடியைப் பார்வையிட்டு, மண்ணைத் தொட்டுப் பார்த்து, போதிய ஈரப்பதம் இருப்பதாகத் தெரிவித்துவிட்டுப் போனார்.

இதற்குள் விஷயம் பரவிவிட்டது. நகரத்தில் அப்போது நல்ல வசதியுள்ளவர்களிடையே இயற்கையை நேசிப்பது புதிதாகத் தொடங்கியிருந்தது. அகலத் தொப்பி, முட்டிக்கு மேலே நிறைய பைகள் வைத்த கால்சட்டை, கழுத்தில் தொலைநோக்கி இல்லாமல் அவர்கள் எந்த இயற்கையிடமும் போவதில்லை. அவர்களுக்குத் தலைவராக ஒரு தொப்பிக்காரர் இருந்தார். அவர் ஒருநாள் காலையில் வாசலுக்கு வந்து, கேட்டுக்கும் படிக்கும் நடுவே இருந்த பள்ளத்தைத் தொலைநோக்கியால் பார்த்தார். கையை நீட்டினால் தொடலாம். ஆனாலும் தொலைநோக்கியால்தான் பார்த்தார்.

"அற்புதம்" என்றார். "இந்த நீர் எங்கேயும் போகணும்னு துடிக்கல. அப்படியே இருக்கு. நாமதான் ஓடிக்கிட்டே இருக்கோம்."

அடுத்த வாரமே மடக்கு நாற்காலிகள் வந்தன. தினமும் காலையில் தொப்பிகள் பள்ளத்தைச் சுற்றி உட்கார்ந்து கண்ணை மூடி, ஆழமாக மூச்சை இழுத்தன. அதற்கு 'நிலைநீர்ப் பயிற்சி' என்று பெயர். இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அது பயிற்சியின் உயர்ந்த கட்டம் என்று தொப்பிக்காரர் விளக்கினார். விழாதவர்களுக்குக் கொஞ்சம் வருத்தமாகிவிட்டது; மறுநாள் இன்னும் ஆழமாக இழுத்தார்கள்.

பக்கத்து மாடிவீட்டுக்காரி ஆரம்பத்தில் நாற்றம் தாங்கவில்லை என்று ஜன்னலுக்குத் துணி கட்டியவள். இப்போது துணியை அவிழ்த்துவிட்டாள். அவள் மாடியிலிருந்து பார்த்தால் நீர்நிலை முழுசாகத் தெரிந்தது. "எங்க வீடு ஏரியைப் பார்த்த வீடு" என்று போனில் உறவுக்காரர்களிடமெல்லாம் சொன்னாள். தொப்பிகள் அவள் மாடிக்கு ஏறிப் படம் எடுத்தன. ஏறினவர்கள் அவள் கழிப்பறையையும் உபயோகித்தார்கள். வீட்டுக்காரம்மா படியேறி மூச்சு வாங்கி நின்றால், "கொஞ்சம் பொறுங்கக்கா, உள்ள விருந்தாளி இருக்காங்க" என்பாள். முழங்கால் வீங்க ஆரம்பித்தது. ராத்திரி அந்த அம்மா காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருப்பார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது முறைப்படியாருக்கு. அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது. ஆனால் அதை எந்தப் பிரிவில் போய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

வெயில் ஏற ஏற நீர்மட்டம் இறங்கியது. ஆய்வாளர் பதறிக்கொண்டு வந்தார்.

"வரத்து ஏன் நின்னு போச்சு?"

"குழாயை அறுத்துப் போட்டிருக்கோமே சார். நாங்க உள்ள போறதே இல்ல."

"எத்தனை வருஷமா போய்க்கிட்டிருந்தீங்க?"

"வீடு கட்டினதுலேர்ந்து."

"அப்படின்னா அது பாரம்பரிய நீர்வரத்து. அதை இஷ்டத்துக்கு நிறுத்த உங்களுக்கு உரிமை கிடையாது. வழக்கம்போல போய்க்கிட்டிருக்கணும். இது உத்தரவு."

வீட்டுக்காரம்மா அதைக் கேட்டதும் முகம் மலர்ந்தார். வாசல் ஏரியாக இருந்தால் என்ன, கடலாக இருந்தால் என்ன, தன் வீட்டுக் கழிப்பறையில் தான் உட்காரலாம், படியேற வேண்டியதில்லை. கைத்தடியைச் சுவரில் சாய்த்து, கதவைத் தாழிட்டு, நெடுநாளைக்குப் பிறகு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே கூடத்தில் முறைப்படியார் கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் முறைப்படியே எல்லாம் சரியாகிவிட்டது என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து வாசலில் ஒரே கைதட்டல்.

தொப்பிகள் எல்லாம் எழுந்து நின்றிருந்தன. "வரத்து! வரத்து வந்திருச்சு" என்று ஒருவர் தழுதழுத்தார். கழிப்பறைக் கதவைத் திறந்த வீட்டுக்காரம்மாவை ஜன்னல் வழியாகப் பார்த்து எல்லோரும் கைகூப்பினார்கள். "இன்னைக்குக் கொஞ்சம் குறைவா வந்த மாதிரி இருந்துச்சு. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று தொப்பிக்காரர் அக்கறையாக விசாரித்தார். ஆய்வாளர் அளவுகோலை இறக்கிக் குறித்துக்கொண்டார்.

அந்த அம்மா கைத்தடியை எடுத்துக்கொண்டு நேரே பக்கத்து வீட்டுப் படிக்குப் போனார்.

மறு வாரம் ஆய்வாளர் சங்கடமான முகத்தோடு வந்தார். கையில் ஒரு அறிவிப்பு இருந்தது.

"ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. தண்ணி உங்க கக்கூஸ்லேர்ந்து வருது. கக்கூஸ் வீட்டுக்குள்ள இருக்கு. அப்படின்னா வீடு இருக்கிற இடம் நீர்ப்பிடிப்புப் பகுதி. நீர்ப்பிடிப்புப் பகுதியில வீடு கட்டினா அதுக்குப் பேர் ஆக்கிரமிப்பு."

"சார், வீடு முன்னாடி வந்தது. பள்ளம் இப்பதான் வந்துச்சு."

"எது முன்னாடின்னு பார்க்க ஆரம்பிச்சா எங்க ஆபீஸையே இடிக்க வேண்டி வரும்."

"கக்கூஸை இடிச்சா வரத்து எங்கேர்ந்து சார் வரும்?"

"கக்கூஸை மட்டும் விட்டுருவோம். அதைச் சுத்தி இருக்கிறதுதான் ஆக்கிரமிப்பு."

முறைப்படியார் அறிவிப்பை வாங்கிப் பார்த்தார். அடியில் 'அகற்றப்பட வேண்டியது' என்று முத்திரை இருந்தது. போன மாதம்தான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு செதுக்கிக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு புள்ளியும் வட்டமாக, கச்சிதமாக விழுந்திருந்தது. அவருக்கு அதைப் பார்த்துப் பெருமைப்படுவதா, உட்கார்ந்து அழுவதா என்று புரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தார்.

"எல்லாம் முறைப்படிதான் இருக்கு" என்றார் மனைவியிடம், ஈனஸ்வரத்தில்.

வீட்டுக்காரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, நிமிர்த்தி, கைத்தடியின் நுனியில் ஒரு ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டினார். படியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தொப்பிகள் கண்ணை மூடி மூச்சிழுத்துக்கொண்டிருந்தன. ஆய்வாளர் தவளையைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த அம்மா கைத்தடியைப் பள்ளத்துக்குள் நீட்டி, குழாய் வாயில் வைத்து, ஒரே குத்து.

'டப்' என்றது. பள்ளத்துத் தண்ணீர் ஒரு சுழி போட்டது. மடமடவென்று தெருப் பக்கம் இறங்கத் தொடங்கியது.

"அம்மா, என்ன பண்ணிட்டீங்க? அரசு முத்திரை வச்ச அணை" என்று ஆய்வாளர் ஓடிவந்தார்.

"முத்திரையை நான் தொடலையே. கயிறு, அரக்கு எல்லாம் வச்சது வச்சபடி இருக்கு பாருங்க."

பார்த்தார். இருந்தது. சுருங்கிப்போன ரப்பரின் வாயில் முத்திரை மட்டும் முழுசாக இருந்தது.

"இப்ப நீங்க சொல்லுங்க. தண்ணி ஓடுதா, நிக்குதா?"

ஆய்வாளர் குனிந்து பார்த்தார். நேர்மையான மனிதர், அதைச் சொல்லத்தான் வேண்டும். "ஓடுது" என்றார்.

"ஓடினா யார் பிரிவு?"

"கழிவுநீர்ப் பிரிவு."

"அப்ப உங்களுக்கு இங்க என்ன வேலை?"

ஆய்வாளர் பலகையைத் தன் கையாலேயே பிடுங்கினார். அறிவிப்பைத் திரும்ப வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது காலிப் பள்ளத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. மத்தியானம் ப்ளம்பர் வந்தார். துடைத்தார், புதுத் துண்டை ஒட்டினார், மண்ணைத் தள்ளி மூடினார். சாயங்காலம் வீட்டுக்காரம்மா உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார். யாரும் கைதட்டவில்லை. வெகுநேரம் வெளியே வரவும் இல்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் நீர்நிலை போன பிறகுதான் அந்தத் தெருவுக்கு அதன் அருமை தெரிந்தது. ஏரியைப் பார்த்த வீடு ஒரே நாளில் மண்மேட்டைப் பார்த்த வீடாகிவிட்டதில் மாடிவீட்டுக்காரிக்குச் சோறு இறங்கவில்லை. அவள் ப்ளம்பரைக் கூப்பிட்டுத் தன் வீட்டு முன்னால் தோண்டி, நன்றாக இருந்த குழாயை அறுத்து, ப்ளாடர் வைக்கச் சொன்னாள். தொப்பிகள் அங்கே இடம்பெயர்ந்தன. அதைக் கண்டு எதிர்வீடு தோண்டியது. எதிர்வீட்டைவிடப் பெரிதாகக் கோடிவீடு தோண்டியது. நீர்நிலை இல்லாத வீட்டில் பெண் எடுக்க யோசிக்கிற அளவுக்குப் போய்விட்டது. எல்லோரும் நகர அலுவலகத்துக்குப் போய், "நிக்குது சார்" என்று பெருமையாகச் சொல்லிப் பலகை வாங்கி வந்தார்கள். பலகையில் குத்துவதற்கு முத்திரை செய்து கொடுத்தே முறைப்படியாருக்குக் கை ஓய்ந்தது.

இப்போது தெருவில் ஓடுகிற குழாய் உள்ள வீடு ஒன்றே ஒன்றுதான்.

ஒருநாள் மாடிவீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்டுல போனா வாசல்ல கைதட்டுறாங்க. ஒரு தடவை உள்ள போயிட்டு வந்திர்றேன்."

வீட்டுக்காரம்மா ஊக்கை எடுத்து நீட்டினார். "இந்தா. உங்க வீட்டு ப்ளாடர்ல ஒரு குத்து குத்து. உன் கக்கூஸுக்கே போகலாம்."

மாடிவீட்டுக்காரி இரண்டடி பின்வாங்கினாள். "ஐயோ, வேணாங்கக்கா. அப்புறம் தொப்பிக்காரங்க எதிர்வீட்டுக்குப் போயிருவாங்க."

அவளுக்குப் பின்னால் எதிர்வீட்டுக்காரர் நின்றார். அவருக்குப் பின்னால் கோடிவீடு. முறைப்படியார் அவர்கள் முகங்களைப் பார்த்தார். அத்தனை பேர் அவரிடம் அனுமதி கேட்டு நிற்பது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. உடம்பெல்லாம் புல்லரித்தது. "தாராளமா போங்க. ஆனா எதுவா இருந்தாலும் முறைப்படி" என்று சொல்லி, கேட் அருகே மேசை போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்று இரவோடிரவாக 'அனுமதிக்கப்பட்டது' என்று ஒரு முத்திரை செதுக்கினார். மறுநாள் விடிந்ததும் வருகிறவர் புறங்கையில் குத்தி வரிசையில் விட்டார். வரிசை கழிப்பறை வாசலில் தொடங்கி, கூடத்தைத் தாண்டி, மூடிய பள்ளத்தைத் தாண்டி, தெருவில் போய் வளைந்தது.

அன்று காலை வீட்டுக்காரம்மா தூங்கி எழுந்து, கைத்தடியை ஊன்றி, தன் கழிப்பறைக் கதவில் கை வைத்தார்.

"அக்கா, வரிசை அந்தப் பக்கம் முடியுது" என்றாள் மாடிவீட்டுக்காரி. தப்பாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னாள்.

வீட்டுக்காரம்மா கணவர் மேசைக்கு வந்து நின்றார். முறைப்படியாருக்குத் தலை நிமிரவில்லை. "எல்லாருக்கும் ஒரே முறைன்னு சொல்லிட்டேன்மா. இப்போ உனக்கு மட்டும் மாத்தினா நல்லா இருக்காது" என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலம் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டார், கை அதற்கே பழகியிருந்தது.

அந்த அம்மா புறங்கையை நீட்டினார். குத்திக்கொண்டார். கேட்டைத் தாண்டி, தெரு வளைவு வரை காலை இழுத்து இழுத்து நடந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவருக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். நீர்நிலைப் பிரிவு ஆய்வாளர். தெருவுக்கெல்லாம் பலகை கொடுத்த மனிதர் வீட்டு வாசலில் ஒன்று இல்லையென்றால் நன்றாக இருக்காது என்று அவர் வீட்டிலும் தோண்டியாகிவிட்டது. அவர் புறங்கையிலும் முத்திரை இருந்தது. இரண்டு கால்களையும் சேர்த்து இறுக்கிக்கொண்டு, வியர்த்து வழிந்தபடி இருந்தார்.

"என்னம்மா, வெகுநேரமா வரிசை ஒரு அடி நகரல. அப்படியே நிக்குது" என்றார் பரிதாபமாக.

"அப்படியா?" என்றார் வீட்டுக்காரம்மா, முழங்காலைத் தடவிக்கொண்டே. "நிக்கிறது எதுவா இருந்தாலும் உங்க பிரிவுதானே. இறங்கிப் போய் முறைப்படி ஆய்வு பண்ணுங்க. நான் இங்க இடம் பிடிச்சு வைக்கிறேன்."

ஆய்வாளர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். யோசித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வரிசையை விட்டு விலகினார். வீட்டுக்காரம்மா ஒரு அடி முன்னால் நகர்ந்துகொண்டார்.